வரிசையை மாற்றி ஓட்டிப் பார்

துரைப்பாக்கத்தில் நான் வேலை பார்க்கும் சிறிய நிறுவனத்தில், பழைய தமிழ்ப் புத்தகங்களுக்குச் சொல்லடைவு தயாரிக்கும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்கேன் செய்து உரையாக மாற்றிய ஆறாயிரத்துச் சொச்சம் கோப்புகளை அது படிக்கும். ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாகப் பிரிக்கும். பிறகு அகராதி வரிசையில் அடுக்கும். முழுக்கப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது. அதில் எழுத்துப் பிரிக்கும் பகுதியை வேகப்படுத்தும் வேலை சென்ற ஆண்டு என் கைக்கு வந்தது.

எழுத்துப் பிரிப்பது தமிழ் படித்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கொக்கு என்றால் கொ, க், கு என மூன்று எழுத்து. கணினி எழுத்துகளை எண்களாக வைத்துக்கொள்ளும் யூனிகோடு முறையில் அதே சொல் ஆறு குறிகள்: க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி. சில கோப்புகளில் ஒகரத்தைக் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பதிந்திருப்பார்கள். அங்கே அது ஏழாகிவிடும். பழைய நிரல் ஒவ்வொரு குறியாக எடுத்துப் பார்த்து ஒட்டிக்கொண்டே போனது. நான் அந்த இடத்தில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகள் சேர்ந்து வரும் வடிவத்தைச் சொல்லித் தேடும் முறை) வைத்துப் புதிதாக எழுதினேன். பார்க்கவே அழகாக இருந்தது.

இரண்டையும் ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். கோப்புகளைப் படித்துப் பழைய முறையில் பிரிப்பது முதலில், மறுபடி படித்துப் புதிய முறையில் பிரிப்பது அடுத்து. தொடங்கும்போது ஒரு நேரம், முடியும்போது ஒரு நேரம், இரண்டையும் கழித்தால் விடை. பழையது 37 விநாடி, புதியது 25 விநாடி. மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சம் என்று அன்றைய காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். கூட்டம் முடிந்து நாற்காலியைத் தள்ளி எழுந்தபோது, "முதலில் எதை ஓட்டினாயம்மா?" என்று கேட்டார்.

"பழையதை, சார்."

"மெஷினை ஒரு தடவை அணைத்துப் போடு. பிறகு புதியதை முதலில் ஓட்டிப் பார்."

அணைத்துப் போட்டேன். வரிசையை மாற்றி ஓட்டினேன். இப்போது என் புதிய நிரல் 36 விநாடி எடுத்தது. பழையது 26 விநாடியில் முடிந்தது. எது இரண்டாவதாக ஓடியதோ அது ஜெயித்திருக்கிறது. கூட்டத்தில் நான் சொன்ன அந்த 12 விநாடிக்கும் என் நிரலுக்கும் சம்பந்தமே இல்லை.

காரணம் எளிது. அந்த அலுவலகக் கணினியில் இருப்பது சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். ஆறாயிரம் கோப்புகளை அதிலிருந்து முதல்முறை தேடி எடுக்க அத்தனை நேரம் ஆகிறது. எடுத்தவற்றை இயங்குதளம் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது; இரண்டாம் முறை கேட்டால் டிஸ்க்கைத் தொடாமலே கொடுத்துவிடுகிறது. முதலில் ஓடுகிறவர் கதவைத் திறந்து விளக்குப் போட்டு வைக்கிறார், பின்னால் வருகிறவர் நேராக உட்கார்ந்து வேலையைத் தொடங்குகிறார். இதே கதை ரெகுலர் எக்ஸ்பிரஷனிலும் உண்டு. ஒரு வடிவத்தை முதல்முறை கொடுக்கும்போது பைத்தான் அதைத் தான் ஓட்டக்கூடிய கட்டளைகளாக மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வைத்திருந்ததையே எடுத்துக் கொடுக்கும். முதல் ஓட்டத்தின் நேரத்தை மட்டும் பார்த்தால் அந்தத் தயாரிப்புச் செலவும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

அன்று மாலையே ஸ்கிரிப்டை மாற்றினேன். கோப்புகள் எல்லாவற்றையும் முதலில் நினைவகத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு முறைகளையும் ஒரு தடவை சும்மா ஓட்டிவிட்டு, அதன் பிறகே கடிகாரத்தைத் தொட்டேன். பழையது 24.9, புதியது 24.6. மறுநாள் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து முன்தினம் சொன்னது தவறு என்று சொன்னேன். சொல்லத்தான் வேண்டும். ஒரு தவறான எண் வாய்வழி பரவிவிட்டால் அதை நம்பி அடுத்தவர் ஒரு வாரம் வேலை செய்துவிடுவார்.

இதற்குப் பிறகுதான் நேரத்தை அளப்பதைப் பற்றி ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது கடிகாரம்.

இரவில் ஓடும் வேலைகளின் பதிவேட்டில் முன்பு ஒருநாள் ஒரு வரியைப் பார்த்திருந்தேன்: "எடுத்துக்கொண்ட நேரம்: -0.84 விநாடி". தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். நாங்கள் எல்லோரும் பயன்படுத்தியது பைத்தானின் 'டைம்.டைம்'. அது சுவர்க்கடிகாரம். இப்போது மணி என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்லும்; அதற்காகவே அதை அடிக்கடி திருத்தவும் செய்வார்கள். கணினியின் கடிகாரம் மெல்ல முன்னே பின்னே போகும், நெட்வொர்க் வழியாக வேறொரு சர்வரிடம் கேட்டு அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். வேறுபாடு சிறியதென்றால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சரிசெய்யும், பெரியதென்றால் ஒரே தாவலாகத் தாவும். 'என்டிபிடி' என்ற பழைய மென்பொருளில் அந்த எல்லை 128 மில்லி விநாடி. அந்த வேலைகள் ஓடும் எங்கள் மெய்நிகர் கணினியின் (வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) கடிகாரம் ஒரு விநாடிக்கு மேல் முன்னால் ஓடியிருக்கிறது. நிரல் நடந்துகொண்டிருந்தபோது அது பின்னால் தாவியிருக்கிறது. அந்தக் கணத்தில் அளந்துகொண்டிருந்த வேலைக்கு எதிர்மறை நேரம் விழுந்துவிட்டது. தாவல் முன்னால் போயிருந்தால் ஒரு விநாடி கூடுதலாகக் காட்டியிருக்கும், யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது. அதுதான் எனக்கு அதிகக் கவலையைத் தந்தது.

ஓட்ட நேரம் அளக்கப் பைத்தானில் வேறு கடிகாரம் இருக்கிறது: 'பெர்ஃப் கவுண்டர்'. 2012-இல் வந்த 3.3 பதிப்பில் சேர்த்தார்கள். இது முன்னால் மட்டுமே போகும். யாரும் மணியைத் திருத்தினாலும் பின்னால் வராது. அதன் தொடக்கப் புள்ளி எது என்பதற்கு அர்த்தமில்லை. அதைக் கேட்டு மணி தெரிந்துகொள்ள முடியாது, இரண்டு வாசிப்புகளின் வேறுபாடு மட்டுமே பயன்படும். எனக்கு வேண்டியதும் அதுதானே.

பழைய பாடக்குறிப்புகளில் 'டைம்.கிளாக்' என்று ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். லினக்ஸில் அது சிபியு, அதாவது கணினியின் செயலி, உழைத்த நேரத்தைச் சொன்னது. விண்டோஸில் கடந்துபோன நேரத்தைச் சொன்னது. ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள். 3.3-இலேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள், 2019-இல் வந்த 3.8 பதிப்பில் எடுத்தேவிட்டார்கள்.

நுணுக்கம் என்று பார்த்தால் இன்னொன்று இருக்கிறது. 'டைம்.டைம்' 1970 தொடக்கத்திலிருந்து கடந்த விநாடிகளைத் தசமப் புள்ளியோடு ஒரே எண்ணாகத் தருகிறது. 170 கோடிக்கு மேற்பட்ட அந்தப் பெரிய எண்ணுக்கே பெரும்பாலான இடம் போய்விடுகிறது; மிஞ்சிய இடத்தில் ஏறத்தாழ 238 நானோ விநாடிக்குக் கீழே எதையும் எழுத முடியாது. அதற்காகத்தான் 2018-இல் 3.7 பதிப்பில் முழு எண்ணாக நானோ விநாடி தரும் 'டைம் என்எஸ்', 'பெர்ஃப் கவுண்டர் என்எஸ்' ஆகியவை வந்தன. விண்டோஸில் வேலை செய்தவர்களுக்கு இதைவிடப் பெரிய தொல்லை தெரிந்திருக்கும்: அங்கே சுவர்க்கடிகாரம் நெடுங்காலம் ஏறத்தாழ 15.6 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் நகர்ந்தது. அதற்குள் முடிகிற வேலை எல்லாவற்றுக்கும் விடை பூச்சியம். உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களும் கவனிக்க வேண்டும். 2018 ஜனவரியில் சிபியுக்களில் இருந்த ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பிறகு, துல்லியமான கடிகாரத்தை வைத்தே ரகசியங்களைத் திருட முடியும் என்பதால், உலாவிகள் தங்கள் கடிகாரத்தின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்தன.

மூன்றாவது ஒரு கடிகாரமும் உண்டு. 'பிராசஸ் டைம்' சிபியு உங்கள் நிரலுக்காக உழைத்த நேரத்தை மட்டும் எண்ணும். தூங்கிய நேரத்தையும் காத்திருந்த நேரத்தையும் எண்ணாது. பெருங்குடி நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக இருபது நிமிடம் நின்று, ஏறிய பின் இருபத்தைந்து நிமிடத்தில் கிண்டி போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்டால் முக்கால் மணி நேரம் என்பேன். டிரைவரைக் கேட்டால் இருபத்தைந்து நிமிடம் என்பார். டேட்டாபேஸுக்குக் கேள்வி அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருக்கும் நிரலை 'பிராசஸ் டைம்' வைத்து அளந்தால் டிரைவர் சொல்லும் விடைதான் கிடைக்கும். எங்கள் குழுவில் ஒரு தம்பி அப்படி அளந்துவிட்டு, தேடல் பக்கம் படுவேகமாக இருக்கிறது என்று எழுதி அனுப்பினார். பயன்படுத்துகிறவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் இப்போது இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன். இரண்டும் ஒட்டி வந்தால் கணக்குப் போடுவதில் நேரம் போகிறது. விலகி நின்றால் எதற்கோ காத்திருக்கிறது.

கடிகாரம் சரியான பிறகும் ஒரு தடவை ஓட்டிய எண்ணை நான் நம்புவதில்லை. பைத்தானோடு வரும் 'டைம்இட்' தொகுதி இதற்காகவே உள்ளது. சின்னஞ்சிறு வேலை என்றால் அதை ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் திரும்ப ஓட்டி வகுத்துக் கொடுக்கும். அந்த முழுச் சுற்றையும் பல தடவை செய்து காட்டும். ஐந்து எண்கள் வந்தால் எதை எடுப்பது? நான் முதலில் சராசரி எடுத்தேன். மூத்தவர் ஒரு வாக்கியத்தில் திருத்தினார்: "குறுக்கே வருகிறவை எல்லாம் நேரத்தைக் கூட்டத்தான் செய்யும், யாராவது வந்து குறைப்பார்களா?" வைரஸ் ஸ்கேன், பேக்கப், திறந்து கிடக்கும் முப்பது உலாவித் தாவல்கள், இவை எதுவும் என் நிரலை வேகப்படுத்தப் போவதில்லை. ஆகவே இரண்டு முறைகளை ஒப்பிடும்போது மிகக் குறைந்த எண்தான் நிரலின் உண்மையான செலவுக்கு அருகில் இருக்கிறது. ஆனால் பயன்படுத்துகிறவர் எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பது கேள்வியானால் குறைந்த எண்ணைக் காட்டுவது நியாயமில்லை. அங்கே நான் நடு எண்ணையும், மிக மோசமான எண்ணையும் சேர்த்துத்தான் எழுதுவேன். மாலை ஆறு மணிக்குத் தேடுகிறவருக்கு எங்கள் நல்ல நேரம் வாய்ப்பதில்லை.

'டைம்இட்' பற்றித் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: ஓடும்போது அது, இனித் தேவைப்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து நீக்கும் பைத்தானின் குப்பை அகற்றலை நிறுத்தி வைக்கும். லட்சக்கணக்கில் பொருள்களை உருவாக்கும் நிரலுக்கு அந்தச் செலவும் உண்மையான செலவுதான். அளக்கத் தொடங்குமுன் ஓடும் தயாரிப்பு வரியில் அதை மறுபடி இயக்கிவிடலாம். மாறாத இரண்டு சொற்களை ஒட்டுவது போன்றவற்றை அளந்து ஏமாறவும் வேண்டாம், அதைப் பைத்தான் ஓடுவதற்கு முன்பே முடித்து வைத்துவிடும்.

என்னை ஒரு முழு நாள் அலைக்கழித்தது வேறொரு பொறி. தமிழ்ச் சொற்களை யூனிகோடு எண்களின்படி அப்படியே அடுக்கினால் அகராதி வரிசை வராது. பதினெட்டு மெய்யில் கடைசியான ன அங்கே ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் நிற்கிறது. ஜ என்பது ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தனி வரிசை எண் தயாரித்து அதை வைத்து அடுக்குகிறோம். அந்த அடுக்கும் நேரத்தை அளந்தேன். தயாரித்து வைத்த பட்டியல் ஒன்று. அதை 'டைம்இட்' ஐந்து சுற்று அடுக்கியது. முதல் சுற்று ஒரு எண், அடுத்த நான்கும் அதில் சிறு பங்கு. சொல்லிக் கொடுத்தபடி குறைந்த எண்ணை எடுத்தேன். நம்பவே முடியாத வேகம். அசல் நிரலில் வைத்தால் அந்த வேகம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

பட்டியலை அது இருக்கும் இடத்திலேயே அடுக்கினால் முதல் சுற்றிலேயே அது ஒழுங்காகிவிடுகிறது. இரண்டாம் சுற்று முதல் நான் அளந்தது, ஏற்கெனவே அடுக்கிய பட்டியலை அடுக்கும் நேரம். டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைத்தானுக்காக எழுதிய அடுக்கு முறை, ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பகுதிகளைக் கண்டுபிடித்து அப்படியே பயன்படுத்திக்கொள்ளும். முழுவதும் வரிசையாக இருந்தால் ஒரு தடவை பார்வையிட்டுவிட்டு முடித்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் கலைந்த பட்டியலின் புதிய நகலைக் கொடுத்த பிறகே உண்மையான எண் வந்தது. இப்போது எதை அளந்தாலும் முதலில் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு தடவை ஓடிய பின், அடுத்த தடவைக்கு அதே வேலை மிச்சம் இருக்கிறதா?

இனி வெயில். என் வீடு வேளச்சேரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழ்த்தளம். கத்திரி வெயில் நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்தபோது ஒரே நிரல் மடிக்கணினியில் காலை ஆறரைக்கு 14 விநாடியும், பிற்பகல் மூன்று மணிக்கு 19 விநாடியும் எடுத்தது. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. சிபியு சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதே பிற்பகலில் மின்சாரம் போய் மடிக்கணினி பேட்டரிக்கு மாறியது. அப்போது இன்னும் மெதுவாகிவிட்டது. காலையில் பழைய நிரலையும் மதியம் புதிய நிரலையும் அளந்து ஒப்பிட்டிருந்தால் மேமாதத்தையே அளந்திருப்பேன். அதிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன்: பழையது, புதியது, பழையது, புதியது. சூடு ஏறினாலும் இரண்டுக்கும் சேர்ந்தே ஏறட்டும்.

இந்த ஊரில் இப்படி அளந்தவர் முன்பே ஒருவர் இருந்திருக்கிறார் என்று பிறகு படித்தேன். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் ஜான் கோல்டிங்காம், 1820, 1821 ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளந்தார். ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் பீரங்கி வெடிக்கும். வெளிச்சம் தெரிந்த கணத்திலிருந்து சத்தம் வந்து சேரும் வரை வானாய்வகத்தில் கணக்கிட்டார்கள். ஒரு தடவை இரண்டு தடவை கிடையாது, மாதக்கணக்கில். ஒவ்வொரு தடவையும் வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்றின் திசை எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதி வைத்தார்கள். அப்படி எழுதி வைத்ததால்தான் பருவத்தோடு வேகமும் மாறுவது அவருக்குத் தெரிந்தது. அதைப் படித்த அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். எண்ணுக்குப் பக்கத்தில் பைத்தான் பதிப்பு, எந்தக் கணினி, சார்ஜர் போட்டிருந்ததா, மணி எத்தனை, எத்தனை சுற்று, எது முதலில் என்று எழுதுகிறேன். ஒரு வரிக்கு அரை நிமிடம் ஆகிறது. மூன்று மாதம் கழித்து "இது ஏன் மெதுவாகிவிட்டது?" என்று கேள்வி வரும்போது அந்த அரை நிமிடத்தின் அருமை தெரியும்.

எழுத்துப் பிரிக்கும் வேலை என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். நேரம் எங்கே போகிறது என்று பார்க்கச் 'சிபுரொஃபைல்' என்ற கருவியை ஓட்டினேன். அது ஒவ்வொரு ஃபங்ஷன் (தனிப் பெயரிட்ட நிரல் பகுதி) அழைப்பையும் எண்ணுவதால் நிரலே வெகுவாக மெதுவாகிவிடும். சின்ன ஃபங்ஷன்கள் இருப்பதைவிடப் பெரிய குற்றவாளிகளாகத் தெரியும். அதன் விநாடிகளை நான் யாரிடமும் சொல்வதில்லை, எண்ணிக்கையை மட்டும் பார்ப்பேன். பிரிக்கும் ஃபங்ஷன் ஏறத்தாழ 70 லட்சம் தடவை அழைக்கப்பட்டிருந்தது. 'என்று', 'ஒரு', 'அந்த' போன்ற சொற்களை ஆயிரம் ஆயிரம் தடவை புதிதாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை பிரித்த சொல்லைப் பைத்தானின் நினைவக அட்டவணையான டிக்‌ஷனரியில் வைத்து, மறுபடி வந்தால் அங்கிருந்தே எடுக்கச் செய்தேன். உள்ளே இருந்தது பழைய முறையேதான். ரெகுலர் எக்ஸ்பிரஷன் அழகாக இருந்தாலும் அதை வைத்துக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

இந்த டிக்‌ஷனரியும் ஓடி முடிந்தால் நிரம்பிக் கிடக்கும் என்பது நினைவிருந்ததால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் அதைக் காலி செய்து அளந்தேன். நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: "அலுவலகக் கணினி, காலை 7.40, ஏசி ஓடுகிறது, பேக்கப் இல்லை. ஏழு சுற்று, மாற்றி மாற்றி. பழையது 24.7, புதியது 9.8. டிக்‌ஷனரி ஒவ்வொரு தடவையும் காலி. நினைவகம் எவ்வளவு கூடுகிறது என்று திங்கட்கிழமை பார்க்க வேண்டும்."